செவ்வாய்ப்பேட்டையில் பைனாகுலர் பழுது பார்க்கும் பெரியவர்

போன வருடம் மார்ச் முதல் வாரத்தில், ஏற்காட்டுக்குக் கீழே ஒரு பாறைச் சரிவில் உட்கார்ந்து பார்த்த பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் என் களக் குறிப்பேட்டில் ‘வெண்புருவச் சின்னான், 2’ என்று எழுதினேன். அது தவறான பதிவு. தவறு என்று எனக்குத் தெரிய ஏழு வாரம் பிடித்தது. அதைத் தெரியவைத்தவர் பறவை ஆய்வாளர் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே ஆறடி அகலக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் துடைக்கும் ஒரு பெரியவர்.

இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக மனதில் இருந்தது. களவேலைக்கு வரும் மாணவர்கள் என்னிடம் எப்போதும் கேட்பது, “எந்த பைனாகுலர் வாங்கலாம் மேடம்?” என்பதைத்தான். கெட்டுப்போனால் யாரிடம் கொடுப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மூடுபனி நிற்கும் மலையில் வேலை செய்கிறவர்கள் வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கூடவே பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு. சேர்வராயன் மலையில் உயரம் ஏற ஏறப் பறவை இனங்கள் எப்படி மாறுகின்றன என்பதுதான் பொருள். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் முள்புதர், அதற்கு மேல் இலையுதிர் காடு, அதற்கும் மேல் சில்வர் ஓக் நிழலில் காபி, உச்சியில் கோயில் காடுகளில் மிஞ்சி நிற்கும் பசுமைக்காட்டுத் துண்டுகள். காலை முதல் பேருந்தில் ஏறி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இவ்வளவையும் கடந்துவிடலாம். பறவைகளைப் படிக்க இதைவிட வசதியான மலை எனக்குத் தெரிந்து இல்லை.

வேலை கேட்க எளிது. ஒரு கிலோமீட்டர் நீளப் பாதைகள் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். விடிந்த கையோடு நடக்கத் தொடங்கி 200 மீட்டருக்கு ஒரு முறை நின்று, பத்து நிமிடம் அசையாமல் பார்த்து, என்ன பறவை, எத்தனை, எவ்வளவு தூரத்தில் என்று எழுத வேண்டும். அந்தத் தூரம்தான் கணக்குக்கு உயிர். பத்து மீட்டரில் இருக்கும் குருவி கண்ணுக்குத் தப்பாது. அறுபது மீட்டரில் இருப்பது தப்பும். தூரம் கூடக் கூடப் பதிவு எப்படிக் குறைகிறது என்று பார்த்து, நம் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணிக்கிறோம். அதற்கு ஒரே நிபந்தனை, நம் பார்வை மாதத்துக்கு மாதம் மாறக்கூடாது.

என் பார்வை மாறியிருந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையான தாள்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது, நாற்பது மீட்டருக்கு அப்பால் பதிவான பறவைகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. வறட்சி வருகிறது, பறவைகள் கீழே இறங்கியிருக்கும் என்று நானாக ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தேன். இலை உதிர்கிற காலத்தில் தூரம் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டுமே என்று தோன்றவில்லை. கண்ணாடி மெல்ல மெல்ல மங்கினால், காடு மெல்ல மெல்லக் காலியாவது போலத்தான் தாளில் விழும். இதை யோசிக்கும்போது இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு மலையில் பறவை குறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பி யாரோ ஒரு முடிவு எடுப்பார்கள்.

பைனாகுலர் 8x42. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ். ஒன்பது வருடப் பழசு. மார்ச் கடைசியில் ஒரு மாணவனுக்குப் பிடிக்கக் கொடுத்தபோது அவன்தான், “மேடம், இடது பக்கம் புகையா இருக்கு” என்றான். வெளிச்சத்துக்கு எதிரே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை இழை. வேறொரு ஊரில் விற்பனைக் கடை ஒன்றில் கேட்டதற்கு ஆறு வாரம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், அதுவும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். கல்லூரியில் நுண்ணோக்கிகளைப் பராமரிக்கும் ஆய்வக உதவியாளர்தான் செவ்வாய்ப்பேட்டைக்கு வழி சொன்னார்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. இருபுறமும் கொலுசு தட்டும் சத்தம், மெருகு போடும் இயந்திரத்தின் இரைச்சல். உள்ளே ஒரு மேசை, கண்ணாடி மூடி போட்ட தட்டுகள், சுவரெல்லாம் டப்பாக்கள். மேக்னசைட் சுரங்கங்களுக்கும் நில அளவைக்காரர்களுக்கும் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பழுது பார்த்துத் தொடங்கியவர். பிறகு கல்லூரிகளின் நுண்ணோக்கிகள். நாற்பது வருடம் ஆகிறதாம். பெயரையும் எண்ணையும் போடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் கண்ணு, நான் ஒத்த ஆளு, கூட்டம் வந்தா வேலை கெட்டுடும்” என்றார். அதனால் போடவில்லை. அந்தத் தெருவில் மைக்ராஸ்கோப் ஐயா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

பைனாகுலரை வாங்கி, முன்பக்கமிருந்து சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எங்க வைப்ப இத?”

“பீரோவுலங்க ஐயா. தோல் உறையில போட்டு.”

“பீரோ இருட்டு. தோல் உறை ஈரம் குடிக்கும். ரெண்டும் சேர்ந்தா பூசணத்துக்கு மெத்தை விரிச்ச மாதிரி. மலைக்குப் போறியா?”

“வாரத்துக்கு மூணு நாள் போறேனுங்க.”

“இறங்கினதும் தொறந்து தொடைக்கிறியா?”

ஆமாம் என்றேன். அங்கேதான் என் தப்பு இருந்தது. டிசம்பர் காலையில் மேலே பதினைந்து டிகிரி குளிரில் ஊறிய பைனாகுலரை, சேலத்தில் முப்பது டிகிரி ஈரக் காற்றில் உடனே வெளியே எடுத்தால், குளிர்ந்த சொம்பில் வியர்ப்பது போல லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே கோப்பதைத் துடைத்துவிடலாம், இடுக்கு வழியாக உள்ளே போனதைத் துடைக்க முடியாது. பேருந்திலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதே, ஒரு மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும், ஊர்ச் சூட்டுக்கு அது தானாக வந்த பிறகு எடு என்றார். பதினைந்து வருடமாக மலை ஏறி இறங்குகிறேன். எனக்கு இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பூஞ்சை வித்து இல்லாத லென்ஸ் கிடையாது. ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது முளைக்கும். தூசி, விரல் எண்ணெய், உள்ளே தடவியிருக்கும் கிரீஸ் எல்லாம் அதற்குத் தீனி. இழைகள் கக்கும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். அரிப்பதற்கு முன் பிடித்தால் முழுதாக மீட்கலாம். அரித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் வடு நிற்கும். என்னுடையதில் இடது பக்க பிரிசம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) ஒன்றின் ஓரத்தில் மட்டும் வடு விழுந்திருந்தது. பெரியவர் அதை மறைக்கவில்லை. நான் வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே உருப்பெருக்கியில் காட்டிவிட்டார்.

என்னுடையது பழைய பாணி, தோள் அகன்ற பைனாகுலர், போரோ பிரிசம் வகை. அதைப் பிரிக்க முடியும் என்பதே பெரிய நிம்மதி என்றார். இப்போது கடையில் அதிகம் விற்கும் நேர்க்குழல் வகைகளில் பலவற்றில் உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்து முத்திரை வைத்திருப்பார்கள். பிரித்தால் அது போய்விடும், திரும்ப அடைக்கும் வசதி அவரிடம் இல்லை. இதையும் அவரேதான் சொன்னார்.

வேலை நடந்த ஒரு நாள் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பிரிசமும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு. எடுப்பதற்குக் கொலுசுப் பட்டறைச் சாமணம், நுனியில் பட்டுநூல் சுற்றியது. ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த நீரில் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சுற்று. அந்தப் பஞ்சு அதோடு குப்பைக்கு. அடுத்த சுற்றுக்குப் புதுப் பஞ்சு. கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பேசிக்கொண்டே இருந்தவர் பிரிசத்தைக் கையில் எடுத்ததும் வாயை மூடிக்கொண்டார். மூச்சுக் காற்றின் ஈரம் படக்கூடாது என்பதற்காக. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைவிட நுணுக்கமான வேலை, இரண்டு குழலையும் ஒரே புள்ளியைப் பார்க்கவைப்பது. கொஞ்சம் விலகினாலும் மூளை இரண்டு படத்தையும் இழுத்துப் பிடித்துச் சேர்க்கப் பார்க்கும், அரை மணியில் தலைவலி வந்துவிடும். எனக்கு வந்துகொண்டிருந்த தலைவலிக்கு வெயில்தான் காரணம் என்று இருந்தேன். முன்லென்ஸைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களின் மையமும் ஒன்றுக்கொன்று சற்று விலகியிருக்கும். அவற்றை எதிரெதிரே மயிரிழை திருப்பினால் பார்வைக்கோடு நகரும். திருப்பித் திருப்பி மொட்டை மாடிக்கு ஏறி, வடக்கே சேர்வராயன் மலை விளிம்பில் தெரியும் கோபுரம் ஒன்றைப் பார்த்து, இறங்கி, மறுபடி திருப்பி. ஆறு முறை ஏறி இறங்கினார். அவர் வயதுக்கு அந்த இரும்பு ஏணி ஏறுவதே பெரிய காரியம்.

ஏப்ரல் கடைசியில் அதே பாறைச் சரிவுக்குப் போனேன். காலை ஆறரை மணி. அதே புதர், அதே மாதிரி இரண்டு பறவைகள். சாம்பல் உடல், கழுத்தும் தலையும் பளிச்சென்று மஞ்சள், வாலடியும் மஞ்சள். மஞ்சள் தொண்டைச் சின்னான். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பாறையும் புதரும் கலந்த குன்றுச் சரிவுகளைத் தவிர வேறிடத்தில் தங்காது. பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஜெர்டன் 1845இல் விவரித்த இந்த இனம், அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் இன்று ‘அழிவாய்ப்பு இனம்’. இது வாழும் சரிவுகளைத்தான் கல்குவாரிகளும் கோடைத் தீயும் தின்கின்றன. அது இருக்கும் இடத்தில் அதை விட்டுவிட்டு, ஊர்ப்புறப் புதர்களில்கூடப் பார்க்கக்கூடிய வெண்புருவச் சின்னானை எழுதி வைத்திருந்தேன். அதற்கும் வாலடி மஞ்சள்தான். ஆனால் முகம் வேறு, தொண்டை வேறு. புகை மூடிய லென்ஸ் மஞ்சளை வெளிறவைத்திருக்க வேண்டும். மீதியை என் எதிர்பார்ப்பு நிரப்பியிருக்கும்.

மார்ச் மாத இரண்டும் இவைதானா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பதிவை அடித்து, ‘இனம் தெரியாத சின்னான், 2’ என்று மாற்றி, தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட்டேன். நவம்பர் முதல் மார்ச் வரையான தூரப் பதிவுகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆய்வேட்டில் அவற்றைச் சேர்க்கப் போவதில்லை. ஐந்து மாத விடியல்கள். அந்த இடம் எது என்று இங்கே எழுதமாட்டேன். கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு கல்லூரியில் வேலை செய்யாமல் கிடந்த, இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியையும் அவரிடம்தான் கொண்டுபோனேன். என் மாணவி ஒருத்தி பகல் பல்லிகளைப் படிக்கிறாள். வீட்டுப் பல்லிபோல இரவில் வருபவை இல்லை. வட்டக் கண்மணியோடு பகலில் பாறை இடுக்கிலும் மரப்பட்டையிலும் உட்கார்ந்திருக்கும் சிறு பல்லிகள். நெமாஸ்பிஸ் என்பது பேரினத்தின் பெயர். ஏற்காட்டின் பெயர் தாங்கிய ‘ஏற்காடென்சிஸ்’ இனம் 2000இல் அறிவியலுக்கு அறிமுகமானது. 2019இல் இதே மலைத்தொகுதியிலிருந்து ‘சேர்வராயென்சிஸ்’, ‘தாக்கரேயி’ என்று இன்னும் இரண்டு. அதே ஆண்டு சங்ககிரியிலிருந்து ‘அகர்வாலி’. ஒரே மாவட்டத்தில், நாம் சுற்றுலா போய் வடை தின்று இறங்கும் மலையில், நேற்றுவரை பெயரில்லாமல் இத்தனை உயிர். இவற்றைப் பிரித்தறிய முதுகுச் செதில்களின் அமைப்பையும், ஆண் பல்லியின் தொடையடியில் உள்ள நுண்துளைகளையும் எண்ண வேண்டும். அனுமதியோடு எடுத்த படங்களையும் பழைய மாதிரிகளையும் வைத்து அவள் எண்ணுகிறாள். ஒரு கண் மங்கிய நுண்ணோக்கியில் ஒரு துளை கூடிவிட்டால் வேறு இனமாகிவிடும். பெரியவர் அதை எட்டே நாளில், அறுநூறு ரூபாயில் முடித்தார். அவள் பத்து மடங்குக் கைலென்ஸின் தளர்ந்த ஆணியையும் சேர்த்து முடுக்கிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா ட்ராப் விஷயத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை. இரண்டு கொடுத்தேன். காபித் தோட்ட ஓரத்தில் காட்டுமாடு, முள்ளம்பன்றி, மரநாய் நடமாட்டத்துக்காகக் கட்டியவை. பேட்டரி கசிந்து முனைகளில் வெள்ளை பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரியில் கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்து, பித்தளை முனையை மெருகேற்றி, தேய்ந்த ரப்பர் வளையத்துக்கு மோட்டார் பம்பு கடையிலிருந்து அளவான வளையம் வாங்கிப் போட்டார். மழையில் நன்றாகத் தாங்குகிறது, எறும்பும் ஏறவில்லை. ஆனால் பேட்டரி நீண்ட நாள் வெளியே இருந்ததில் உள் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்காமல் கட்டிவிட்டேன். ஒரு மாதப் படங்கள் தவறான தேதியோடு வந்தன. கட்டிய நாளும் நேரமும் குறிப்பேட்டில் இருந்ததால் வித்தியாசத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடிந்தது. குறிப்பேடு இல்லாதவர்களுக்கு அந்த மாதம் போயிருக்கும். மின்னணுப் பலகை போயிருந்தால் அவரிடம் கொண்டுபோகவே வேண்டாம், தொடமாட்டார்.

வேறு குறைகளும் உண்டு. எட்டு நாள் என்று சொல்லி பைனாகுலரைத் திருப்பித் தர இருபத்து மூன்று நாள் ஆனது. ஆண் பறவைகள் பாடத் தொடங்கும் நாட்கள் அவை. இரவல் பைனாகுலரோடு இரண்டு பாதைகள் மட்டும்தான் நடக்க முடிந்தது. தொலைபேசியை எடுக்கமாட்டார். நேரில் போனால், “நாளைக்கு வா கண்ணு.” அப்படி மூன்று முறை போனேன். மூன்றாம் முறை கோபம் வந்தது. ஆனால் முந்தைய சுற்றில் சேர்ந்த பிம்பம் அவருக்குத் திருப்தியில்லாமல் திரும்பப் பிரித்துப் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததும் ஒன்றும் பேச வரவில்லை. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது இப்போதும் என் எண்ணம்.

ரசீது இன்னொரு தலைவலி. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஆய்வு நிதியில் கணக்குக் காட்ட அது செல்லவில்லை. எல்லாம் என் கைக்காசு. பூஞ்சை துடைத்ததற்கு 850, பார்வை சேர்த்ததற்கு 300, கேமரா ஒன்றுக்கு 225. உதவித்தொகையில் ஓடும் மாணவர்களுக்கு இந்தத் தொகை எட்டும், ஆனால் அவர்களுக்கும் அந்தக் காசு திரும்பி வராது. நிதி தரும் இடங்கள் புதுக் கருவி வாங்க லட்சக்கணக்கில் ஒதுக்குகின்றன, பழுது பார்க்க ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இது பெரியவரின் குறை இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது.

வீட்டில் இப்போது பீரோவில் வைப்பதில்லை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அடியில் சிலிக்கா ஜெல், ஓரத்தில் ஈரப்பதம் காட்டும் சிறு முள் கடிகாரம். 45, 50க்குள் நிற்கவேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து ஆறவைத்து மறுபடி போடுகிறேன். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சமைக்கும் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், ஆரஞ்சு நிறத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அரிசித் தூசி பூஞ்சைக்கு இன்னொரு தீனி என்று பெரியவர் அதைக் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார்.

போகிறவர்களுக்கு: ஞாயிறும் அமாவாசையும் கடை இல்லை. காலை பதினொன்றுக்கு மேல் திறப்பார், பகல் வெளிச்சம் உள்ளவரைதான் லென்ஸ் வேலை. பைனாகுலரை உறையோடு கொடுக்காதீர்கள், உறையில் இருக்கும் பூசணம் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். உங்கள் கண் பவரையும் எந்தக் கண்ணில் குறை என்பதையும் சொல்லுங்கள், கேட்பார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையில் வேண்டுமென்றால் ஆடி பிறக்கும்போதே கொடுத்துவிடுங்கள். எட்டு நாள் என்று சொன்னால் ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த முறை ஆனி மாதமே கொடுத்துவிட்டேன், இடது பிரிசத்தின் அந்த வடு பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.